வருசக் கடைசிப் பக்கத்தில எங்கட ஆக்களையும் போடுங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் வெள்ளவத்தைல இருந்து எழுதுறன். உங்கட பேப்பரை எங்கட வீட்டில இருபது வருசத்துக்கு மேல எடுக்கிறம், முந்தி அப்பா எடுத்தவர், அவர் போனாப் பிறகும் நிப்பாட்டேல்ல. இப்ப வாசிக்கிறது நான், கேக்கிறது அம்மா. அம்மாக்கு 77 வயசு, ரெண்டு கண்ணிலயும் வெண்படலம், ஒரு கண்ணுக்கு ஒபரேசன் முடிஞ்சிட்டு மற்றது இன்னும் இல்ல, அதால காலமை கடை திறக்கப் போக முதல் அரை மணித்தியாலம் இருந்து தலைப்பு, மரண அறிவித்தல், விளையாட்டு எண்டு மூண்டையும் நான் சத்தமா வாசிச்சுக் காட்டோணும். இந்த ஒழுங்கு மாறக் கூடாது, முதல்ல விளையாட்டுக்குப் போனா "அங்க ஏன் பாயுறாய்" எண்டு கேப்பா.

டிசம்பர் 29 ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில 2024 மீள்பார்வை எண்டு ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்கள். இடப் பக்கம் மறைந்தவர்கள், வலப் பக்கம் மறக்க முடியாத விளையாட்டுத் தருணங்கள். படங்கள் வடிவு, அச்சும் நல்லம், அதில குறை சொல்ல வரேல்ல. ஆனா அந்த ரெண்டு பக்கத்தையும் வாசிச்சு முடிக்க அம்மா என்னை எத்தினை தரம் மறிச்சா எண்டு எனக்குத் தான் தெரியும், பிளேன்டீ ஆறிப் போச்சு, ஒவ்வொரு பேரிலயும் "அவ்வளவு தானா?" எண்டு கேட்டா, சில இடத்தில "அந்தப் பிள்ளையைக் காணேல்லையே, வடிவாப் பார்" எண்டா. வடிவாப் பாத்தன் ஐயா, இல்லத் தான். அதைத் தான் ஒருக்கா உங்களுக்கு எழுதுவம் எண்டு இருந்து எழுதுறன், கொஞ்சம் நீளமாப் போகும், குறை நினைக்காதேங்கோ.

முதல் பவதாரிணி. உங்கட பக்கத்தில இருந்தது இவ்வளவு தான்: பவதாரிணி, பின்னணிப் பாடகி, வயது 47, ஜனவரி 25. எங்க செத்தவ எண்டு இல்ல. ஐயா, அந்தப் பிள்ளை கண் மூடினது இந்தக் கொழும்பில. புற்றுநோய்க்கு வைத்தியம் பாக்க எண்டு இங்க வந்து, இங்கயே போனவ. இளையராஜாட கச்சேரிக்கு கொழும்பு ஆயத்தமா இருந்த நேரம் அது, எங்கட மாடியில மூண்டாம் தட்டில இருக்கிற குடும்பம் டிக்கெட் எல்லாம் எடுத்து வச்சிருந்தது. அண்டைக்குப் பின்னேரம் செய்தி வந்தவுடன அந்த அக்கா டிக்கெட்டைக் கையில வச்சுக் கொண்டு எங்கட வாசல்ல வந்து நிண்டா, ஒண்டும் கதைக்கேல்ல, அம்மாவும் ஒண்டும் கதைக்கேல்ல. கச்சேரி தள்ளிப் போனது, அது வேற கதை. தன்ட சொந்தப் பிள்ளையை இந்த ஊரில இருந்து பெட்டியில சென்னைக்குக் கொண்டு போன தகப்பன் அந்த மனுசன், எங்களுக்கெல்லாம் நாப்பது அம்பது வருசமாப் பாட்டுத் தந்த மனுசன். பாரதி படத்தில தகப்பன்ட இசையில பாடின பாட்டுக்குத் தேசிய விருது வாங்கினவ பவதாரிணி, அந்தக் குரல் வளந்த பொம்பிளைட குரல் மாதிரியே இருக்காது, ஒரு சின்னப் பிள்ளை கதவுக்குப் பின்னால நிண்டு பாடுற மாதிரி இருக்கும். சென்னைப் பேப்பர் "கொழும்பில் காலமானார்" எண்டு போடேக்க கொழும்புப் பேப்பர் கொழும்பை விட்டிட்டுப் போட்டால் என்ன செய்யிறது சொல்லுங்கோ. அதே நாள் விடியப்புறம் தான் கட்டுநாயக்க அதிவேகப் பாதையில இராஜாங்க அமைச்சர் சனத் நிஷாந்தவும் விபத்தில போனவர், அவருக்கு எங்க எப்பிடி எண்டு எல்லாம் போட்டிருக்கிறீங்கள். ஒரே நாள், ரெண்டு பேரும் இந்த ஊர்ப் பக்கம் போனாக்கள், ஒருத்தருக்கு இடம் இருக்கு மற்றவவுக்கு இல்ல.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில இருந்த சாந்தனைப் பற்றியும் சொல்லோணும். வழக்கைப் பற்றியோ தீர்ப்பைப் பற்றியோ நான் இங்க கதைக்க வரேல்ல, அதுக்கு உங்கட மற்றப் பக்கங்கள் இருக்கு. 2022 நவம்பரில இந்திய உச்ச நீதிமன்றம் விட்டாப் பிறகும் திருச்சி சிறப்பு முகாமில இருந்து, ஊருக்குப் போகலாம் எண்டு அனுமதி வந்து சில நாளில, பெப்ரவரி 28 சென்னை ஆஸ்பத்திரியில செத்தவர். முப்பது வருசத்துக்கு மேலாப் பாத்துக் கொண்டிருந்த தாய்க்குக் கடைசில வந்தது உடம்பு. அந்த நாள் செய்தியை அம்மா என்னை ரெண்டு தரம் வாசிக்கச் சொன்னா. உங்கட வருசக் கடைசிப் பக்கத்தில ஒரு வரி இருந்தது, அதில தாயைப் பற்றி ஒரு சொல் இல்ல.

சம்பந்தன் ஐயாக்கு வடிவாப் போட்டிருந்தீங்கள், அதுக்கு நன்றி. 91 வயசு, 1977ல முதல்முதலாப் பாராளுமன்றம் போனது, 2015ல எதிர்க்கட்சித் தலைவர் ஆனது எல்லாம் இருந்தது. ஒரு சின்ன விசயம் மட்டும் சொல்லுறன். அவர் போனது ஜூன் 30 இராத்திரி. அதுக்கு முதல் நாள் இராத்திரி தான் பார்படோசில இந்தியா தென்னாபிரிக்கா டி20 உலகக் கிண்ண ஃபைனல், 7 ஓட்டத்தால இந்தியா வெண்டது, சூரியகுமார் யாதவ் எல்லைக் கோட்டில பந்தைப் பிடிச்சு மேல எறிஞ்சு வெளிய போய்த் திரும்ப உள்ள வந்து பிடிச்ச அந்தக் கட்ச். எங்கட வீட்டில எல்லாரும் நடுச்சாமம் மட்டும் முழிச்சிருந்த ஆக்கள், அடுத்த நாள் நித்திரைத் தூக்கம், நேரத்தோட படுப்பம் எண்டு இருக்கேக்க போனில செய்தி வந்தது. அம்மா எழும்பிப் போய் சாமி அறை லைட்டைப் போட்டா, பிறகு விடிய மட்டும் அவ படுக்கேல்ல. எங்கட வீட்டில அந்த ரெண்டு இராத்திரியும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு வந்தது, உங்கட பக்கத்தில ஒண்டு இடப் பக்கம் மற்றது வலப் பக்கம். ஆக்கள் ஒரு வருசத்தை அப்பிடிப் பிரிச்சு ஞாபகம் வச்சிருக்கிறதில்ல ஐயா.

இதை எனக்கு வடிவா விளங்கப் பண்ணினது ஓகஸ்ட் 4. இதைக் கொஞ்சம் விரிவாச் சொல்ல விடுங்கோ.

அண்டைக்கு ஞாயிறு, கடை பூட்டு, நானும் மகனும் கெத்தாராமைக்குப் போனம், இந்தியாவோட ரெண்டாவது ஒருநாள் மெட்ச். முதலாவது மெட்ச் 230க்கு 230 எண்டு சமனா முடிஞ்சிருந்தது, அதால சனம் எண்டா அப்பிடிச் சனம். நாங்கள் முதல்ல அடிச்சு 240, அது காணுமா எண்டு ஆருக்கும் நம்பிக்கை இல்ல. ரோகித் சர்மா வந்து அடிச்ச அடி, 44 பந்தில 64, ஒரு விக்கெட்டும் விழாம 97, பக்கத்தில இருந்த ஆக்கள் சாப்பாட்டுப் பார்சலைக் கட்டி வெளிக்கிட ஆயத்தம். வனிந்து ஹசரங்க காயம் எண்டு அவருக்குப் பதிலா வந்தவர் ஜெஃப்ரி வாண்டர்சே, 34 வயசு, ஒரு மெட்ச் விளையாடினா ஒரு வருசம் வெளிய இருக்கிற மனுசன். அந்த ஆள் ரோகித்தைத் தூக்கினார், பிறகு கில், பிறகு டுபே, கோலி, ஐயர், ராகுல், முதல் ஆறு விக்கெட்டும் ஒரே ஆள், 33 ஓட்டத்துக்கு 6. கோலி எல்.பி. ஆகேக்க எனக்கு முன் வரிசையில இருந்த சிங்களப் பெடியன் திரும்பி என்னைக் கட்டிப் பிடிச்சவன், நான் ஆர் எவர் எண்டு அவனுக்குத் தெரியாது. 208ல முடிஞ்சிது, 32 ஓட்டத்தால வெற்றி. மூண்டு நாள் கழிச்சு துனித் வெல்லாலகே 27க்கு 5 எடுத்து மூண்டாவதையும் வெண்டம், 1997க்குப் பிறகு இந்தியாவுக்கு எதிரா முதல் ஒருநாள் தொடர்.

நாங்கள் பஸ் பிடிச்சு வீட்ட வந்து படுத்தம். அடுத்த நாள் திங்கட்கிழமை பின்னேரம் கடையில நிக்கேக்க போனில பாத்தன், இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் கிரஹாம் தோர்ப் காலமானார், 55 வயசு. போனது முதல் நாள், ஓகஸ்ட் 4. நான் கெத்தாராமையில கூச்சல் போட்டுக் கொண்டிருந்த அதே நாள்.

தோர்ப்பை எனக்கு ஏன் தெரியும் எண்டால், 2001 மார்ச்சில எஸ்.எஸ்.சி. மைதானத்தில இங்கிலாந்தோட மூண்டாவது டெஸ்ட், மூண்டாம் நாள் நான் அங்க இருந்தன். எனக்கு அப்ப 20 வயசு. அந்த நேரம் எங்கட வயசுப் பெடியள் மெட்ச் பாக்கப் போறதெண்டாலும் அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு ரெண்டையும் சட்டைப் பொக்கற்றில வச்சுக் கொண்டு தான் போறது, வழியில ரெண்டு இடத்தில இறக்கிக் கேட்டவங்கள். அம்மாக்கு நான் போறது துண்டா விருப்பம் இல்ல, அப்பா தான் போகட்டும் எண்டு காசு தந்தவர். வெயில் எண்டா மண்டை பிளக்கிற வெயில், அந்த ஒரு நாளில மட்டும் 22 விக்கெட் விழுந்தது, ஒரு பக்கத்தில முரளி பந்து போடுறார், வாற ஆக்கள் எல்லாம் வந்த வேகத்தில திரும்பிப் போகினம், இந்த ஒரு இடக்கை ஆள் மட்டும் வியர்வையில சட்டை உடம்போட ஒட்டி, ஓவருக்கு ஒருக்கா ஹெல்மட்டைக் கழட்டி முகத்தைத் துடைச்சு, ஒண்டு ஒண்டா ரெண்டு ரெண்டா ஓடி ஓடிச் சேக்கிறார். முதல் இன்னிங்சில 113 ஆட்டம் இழக்காமல், ரெண்டாவதில 32 அதுவும் ஆட்டம் இழக்காமல். நாங்கள் ரெண்டாவது இன்னிங்சில 81க்குச் சுருண்டம், அவங்கள் 4 விக்கெட்டால வெண்டு தொடரையும் 2க்கு 1 எண்டு கொண்டு போட்டாங்கள். எங்கட ஆக்கள் தோத்த மெட்ச் தான், ஆனா நான் வீட்ட வந்து அம்மாட்ட அந்த மனுசனைப் பற்றித் தான் கதைச்சன். அவருக்கு 100 டெஸ்ட், 16 சதம், 6744 ஓட்டம். எனக்கு அந்த நனைஞ்ச சட்டை தான் ஞாபகம்.

உங்கட பக்கத்தில அவருக்குப் போட்டது "திடீர் மரணம்" எண்டு ரெண்டு சொல். ஐயா, அவர் சில வருசமா மன அழுத்தத்தோடயும் பதட்டத்தோடயும் போராடினவர், கடைசில தன்ட உயிரைத் தானே எடுத்தவர் எண்டு அவற்ற குடும்பமே வெளிப்படையாச் சொன்னது, மற்றக் குடும்பங்களுக்கு உதவட்டும் எண்டு தான் சொன்னது. அந்த மனுசிக்கும் பிள்ளையளுக்கும் அதைச் சொல்ல எவ்வளவு மனத்தைரியம் வேணும். அப்பிடிச் சொன்னாப் பிறகும் நாங்கள் "திடீர்" எண்டு எழுதி மூடினால் சரியே? எப்பிடிச் செத்தவர் எண்ட விபரம் ஒண்டும் வேண்டாம், அது போடவும் கூடாது. மன வருத்தத்தோட இருந்தவர் எண்டு ஒரு வரி, கீழ 1926 எண்ட தேசிய மனநல உதவி இலக்கம், அவ்வளவும் காணும். எங்கட சனத்துக்குள்ள இதைப் பற்றிக் கதைக்கிறது எவ்வளவு குறைவு எண்டு உங்களுக்குத் தெரியாததில்ல, மரண வீட்டில கூட "ஹார்ட் அட்டாக்" எண்டு தான் சொல்லுறது.

தம்மிக்க நிரோஷன. இந்தப் பேர் உங்கட ரெண்டு பக்கத்திலயும் இல்ல. 2002ல இலங்கை 19 வயசுக்கு உட்பட்ட அணிக்குக் கப்டன், நல்ல வேகப்பந்து வீச்சாளர், பிறகு பெரிய அணிக்கு வராமலே விட்டிட்டார். ஜூலை 16 இராத்திரி அம்பலாங்கொடையில அவற்ற வீட்டில வச்சுச் சுட்டுக் கொன்றவங்கள், மனுசியும் பிள்ளையளும் வீட்டில இருக்கத் தக்கதா. 41 வயசு. இதை இடப் பக்கம் போடுறதா வலப் பக்கம் போடுறதா எண்டு யோசிச்சே விட்டிட்டீங்களோ தெரியாது, ரெண்டிலயும் வரவேண்டிய பேர் அது. கென்யாட கெல்வின் கிப்டமை ரெண்டு பக்கத்திலயும் போட்டிருந்தீங்கள் தானே, அது நல்லாச் செய்தீங்கள், 23 வயசில மரதனை 2 மணித்தியாலம் 35 செக்கனில ஓடின பிள்ளை, பெப்ரவரியில பயிற்சியாளரோட காரில போகேக்க ரெண்டு பேரும் முடிஞ்சினம். அதே மாதிரி எங்கட நாட்டுக் கப்டனுக்கும் ஒரு இடம் வேணும்.

இனி அம்மாட பெரிய கோவத்துக்கு வாறன். பெண்கள் ஆசியக் கிண்ணம். உங்கட வலப் பக்கத்தில பார்படோஸ் படம் நாலு பத்தி அகலத்துக்கு, அது போடத்தான் வேணும். ஆனா தம்புள்ளை ஒரு வரி, அதுவும் கடைசிப் பெட்டிக்குள்ள, "மகளிர் ஆசியக் கிண்ணத்தை இலங்கை வென்றது". கப்டன் சமரி அத்தபத்துட பேர் கூட இல்ல. நான் வாசிச்சு முடிக்க அம்மா கையைக் காட்டி "திரும்ப வாசி" எண்டா, திரும்ப வாசிச்சன், "பேர் இல்லையா" எண்டா, இல்ல எண்டன், பிறகு அவ ஒண்டும் கேக்கேல்ல, கோப்பையை எடுத்துக் கொண்டு குசினிக்குப் போட்டா.

அம்மாக்கு ஏன் அவ்வளவு எண்டு சொல்லுறன். ஜூலை 28, அதுவும் ஞாயிறு. எதிர்வீட்டுச் சிங்கள அன்ரி எங்கட வீட்ட தான் மெட்ச் பாக்க வாறவ, அவவுக்குத் தமிழ் கொஞ்சம் தான், அம்மாக்குச் சிங்களம் கொஞ்சம் தான், ஆனா கிரிக்கெட்டுக்கு அது காணும். அம்மா டிவிக்கு ஒரு முழம் தள்ளிக் கதிரையைப் போட்டு நல்ல கண்ணைத் திருப்பி வச்சுக் கொண்டு இருந்தவ, பந்து தெரியாது, ஆனா நம்பர் தெரியும், ஒவ்வொரு ஓவர் முடியவும் அன்ரியிட்ட "கீயத?", எவ்வளவு எண்டு கேப்பா. இந்தியா 165. ஸ்மிருதி மந்தனா 60. இதுக்கு முதல் எங்கட பிள்ளையள் ஐஞ்சு தரம் ஃபைனலுக்குப் போய் ஐஞ்சு தரமும் இந்தியாட்டத் தான் தோத்தவை, 2004ல இருந்து. அதால எங்களுக்கு வயித்தைக் கலக்குது. விஷ்மி ரண்அவுட். பிறகு சமரி நிண்டா, 43 பந்தில 61. சமரி போனவுடன அன்ரி "இவரய்" எண்டு எழும்பிட்டா, முடிஞ்சுது எண்டு. அம்மா அவட கையைப் பிடிச்சு இருத்தினவ, "இன்னும் ஹர்ஷிதா நிக்கிறா" எண்டு தமிழிலயே சொன்னா. ஹர்ஷிதா சமரவிக்ரம 51 பந்தில 69 ஆட்டம் இழக்காமல், கவிஷா டில்ஹாரி 30, எட்டு விக்கெட்டால வெற்றி, இன்னும் எட்டுப் பந்து மிச்சம். ரெண்டு மனுசியளும் கட்டிப் பிடிச்சு அழுததை நான் என்ட போனில படம் எடுத்து வச்சிருக்கிறன்.

அந்த ஒரு தொடரில மட்டும் சமரி 304 ஓட்டம், மலேசியாக்கு எதிரா 119, பெண்கள் டி20 ஆசியக் கிண்ணத்தில ஆரும் அடிச்ச முதல் சதம் அது. அதுக்கும் முதல் ஏப்ரலில தென்னாபிரிக்காவில பொட்செஃப்ஸ்ட்ரூமில 302 அடிக்கோணும், பெண்கள் ஒருநாளில அதுவரைக்கும் ஆரும் துரத்தி அடிக்காத ஓட்டம், சமரி தனிய 139 பந்தில 195, ஆட்டம் இழக்காமல், மற்றப் பக்கம் நிலக்ஷிகா அம்பது அடிச்சுக் கொண்டு நிண்டவ. அதே வருசம் ஆண்கள் அணி நியூயோர்க்கில தென்னாபிரிக்காட்ட 77க்குச் சுருண்டு உலகக் கிண்ணத்தில முதல் சுற்றோட வீட்ட வந்தது. அந்த 77க்கு உங்கட பக்கத்தில படம் இருக்கு, 195க்கு இல்ல. இதை நான் ஆத்திரத்தில சொல்லேல்ல, உங்கட பேப்பரை எடுத்து நீங்களே ஒருக்காப் பாருங்கோ.

பாரிசும் அப்பிடித் தான். ஒலிம்பிக்குக்கு அரைப் பக்கம். அர்ஷாத் நதீம் 92.97 மீற்றர் எறிஞ்சது, நீரஜ் சோப்ராட தாய் "தங்கம் வாங்கினதும் என்ட பிள்ளை தான்" எண்ட கருத்தில சொன்னது எல்லாம் போட்டிருந்தீங்கள், அதை வாசிக்கேக்க அம்மாக்குக் கண் கலங்கினது, நல்லது. எங்கட அருண தர்ஷன 400 மீற்றரில 44.99 ஓடி அரையிறுதிக்குப் போனது இல்ல. சரி அது பதக்கம் இல்ல எண்டு விடுவம். அதுக்குப் பிறகு செப்டம்பரில அதே பாரிசில பராலிம்பிக், சமித்த துலான் ஈட்டி எறிதலில 67.03 மீற்றர், வெள்ளிப் பதக்கம், தன்ட எஃப்44 பிரிவில உலக சாதனை. இந்த நாட்டுக்குப் பாரிசில இருந்து வந்த ஒரே ஒரு பதக்கம். டோக்கியோவில வெண்கலம் எடுத்த அதே பெடியன். உங்கட பக்கத்தில பேர் இருந்தது, ஆனா "சுமித்த" எண்டு பிழையா இருந்தது. பதக்கம் கொண்டு வந்த ஒருத்தற்ற பேரை ஒருக்காச் சரி பாக்கலாம் தானே.

வியாஸ்காந்த். விஜயகாந்த் வியாஸ்காந்த். யாழ் மத்திய கல்லூரிப் பெடியன், மே 8 ஐதராபாத்தில சன்ரைசர்சுக்கு முதல் ஐ.பி.எல். மெட்ச். யாழ்ப்பாணத்தில இருந்து போய் ஐ.பி.எல்.ல இறங்கின முதல் ஆள். விக்கெட் எடுக்கேல்ல, நாலு ஓவருக்கு 27, பிறகு ஹெட்டும் அபிஷேக்கும் 9.4 ஓவரில 166 ஐ அடிச்சு முடிச்சதால உலகம் முழுக்க அதைத் தான் கதைச்சது. ஆனா நாங்கள் இங்க வெள்ளவத்தையில அந்த நாலு ஓவரையும் எப்பிடிப் பாத்தம் தெரியுமா, எங்கட கடைக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில கொத்துப் போடுற தம்பி தகட்டை நிப்பாட்டிப் போட்டு டிவிக்குக் கீழ வந்து நிண்டவன், அவன் வடமராட்சிப் பெடியன், ஒரு பந்து சுழண்டு போனவுடன கரண்டியால தகட்டில ஒரு அடி அடிச்சான் பாருங்கோ, தெரு முழுக்கக் கேட்டது. சண்டைக்குப் பிறகு பிறந்தது போல வளந்த பிள்ளையளுக்கு மத்தியில எங்கட ஊர் மைதானத்தில லெக் ஸ்பின் பழகி அங்க வரைக்கும் போன பிள்ளைக்கு, ஒரு தமிழ்ப் பேப்பர்ட வருசக் கடைசிப் பக்கத்தில இடம் இல்லாட்டி வேற எங்க இடம் கிடைக்கும்? ஜூலை 21 கெத்தாராமையில ஜஃப்னா கிங்ஸ் நாலாந்தரம் லங்கா பிரீமியர் லீக் கிண்ணம் எடுத்ததும் காணேல்ல.

மன்மோகன் சிங் டிசம்பர் 26 இராத்திரி போனவர், அது கடைசி நேரச் செய்தி, நீங்கள் எப்பிடியோ பக்கத்தில சேத்திட்டீங்கள், அது கெட்டித்தனம். பொருளாதாரம் எல்லாம் எழுதி இருந்தீங்கள். அம்மாட தங்கச்சி கிளிநொச்சியில இருக்கிறா, "இந்தியன் வீடு" எண்டு தான் அங்க எல்லாரும் சொல்லுறது, அம்பதினாயிரம் வீட்டுத் திட்டம், அந்த மனுசன் பிரதமரா இருக்கேக்க வந்தது. தறப்பாள் கொட்டிலில இருந்து சீமெந்து நிலத்துக்கு சின்னம்மா போனது அதால தான். செய்தி வந்த அண்டைக்கு சின்னம்மா கோல் எடுத்து "எங்களுக்கு வீடு தந்த மனுசன் போட்டார் அக்கா" எண்டா. அண்டைக்குக் காலமை தான் சுனாமி இருபது வருசம் எண்டு ரெண்டு நிமிசம் எல்லாரும் எழும்பி நிண்டது. உங்கட பக்கத்தில அந்த வீட்டைப் பற்றி ஒரு வரி இருந்திருந்தா கிளிநொச்சியில எத்தினை பேர் அந்தப் பேப்பரை வெட்டி வச்சிருப்பினம்.

ஆகத் திறமா ஒண்டும் கேக்கேல்ல ஐயா. ஏஜென்சி அனுப்புற பட்டியலைப் போடுங்கோ, வேண்டாம் எண்டு சொல்லேல்ல, நடிகர் டெல்லி கணேசும் தபேலா சாகிர் உசைனும் எங்களுக்கும் வேண்டிய ஆக்கள் தான். ஆனா ஒவ்வொரு மாசமும் முடிய உங்கட விளையாட்டுப் பகுதியில இருக்கிற ஆக்களும் செய்திப் பகுதியில இருக்கிற ஆக்களும் ஒரு கொப்பியில எங்கட நாட்டு விசயங்களை எழுதி வச்சால், டிசம்பரில அவசரப்பட்டுத் தேடத் தேவையில்ல. நவம்பர் கடைசில வாசகர்களிட்டயும் ஒருக்காக் கேளுங்கோ, ஆரை விடக் கூடாது எண்டு. போஸ்ட்கார்ட்டில எழுதுவம், வாட்ஸ்அப்பில அனுப்புவம். முடிஞ்சால் ரெண்டு பக்கத்தையும் சேத்து மாத வரிசையில போட்டுப் பாருங்கோ. சமித்த துலான்ட பேரை மட்டும் இந்தக் கிழமையே திருத்திப் போடுங்கோ, சமரிட படத்தையும் பக்கத்தில போட்டால் அம்மாக்குச் சந்தோசமா இருக்கும்.

அம்மாட மற்றக் கண்ணுக்குப் பெப்ரவரி நடுப்பகுதியில திகதி தந்திருக்கினம். எல்லாம் சரி வந்தால் அடுத்த வருசக் கடைசிப் பக்கத்தை அவவே வாசிப்பா. எழுத்தைக் கொஞ்சம் பெரிசாப் போடச் சொல்லி எழுது எண்டு பக்கத்தில இருந்து சொல்லுறா.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகன்
கொழும்பு 06